ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் அன்றைக்கு நான் மலை ஏறினேன். அந்தச் சொல்லை நான்கு நாட்களாகவே தயார் செய்து வைத்திருந்தேன். எப்போது சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்பதைக்கூட வடக்கனந்தலில் என் கடை மேசையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டே முடிவு செய்திருந்தேன். சாப்பாடு முடிந்து இனிப்பு வரும் நேரத்தில், குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும்.

கரியாலூரில் மாயவன் என்று ஒருத்தன் பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறான். பெயர்ப்பலகையில் பிஸ்ட்ரோ என்று போட்டிருக்கும். அங்கே ரொட்டி அடுப்பின் முழுப் பொறுப்பையும் தை மாதத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி என் மனைவி செந்தமிழ்ச்செல்வியைக் கேட்டிருந்தான். அதுவரை அவள் வாரத்தில் இரண்டு நாள் காலை பஸ்ஸில் போய் மாவு பிசைந்து வைத்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவாள். பொறுப்பு என்று வந்துவிட்டால் அப்படி முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் இறக்கம். இரண்டு ராத்திரி மலையில்.

"நீங்க ஒரு தபா வந்து பாருங்க. உக்காந்து சாப்புடுங்க. பாத்துட்டு வேணாம்னீங்கன்னா நான் போவல," என்றாள் செல்வி.

அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்கு நிம்மதி தந்திருக்க வேண்டும். தரவில்லை. போக ஆசை இல்லாதவள் என்னை எதற்கு அங்கே உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறாள்?

காரணமாகச் சொல்வதற்கு எங்கள் பெண் சுபஸ்ரீயை வைத்திருந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை வாரம் இரண்டு நாள் தாயில்லாமல் விடுவதா என்று கேட்டால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. உண்மையான காரணம் மாயவன். அவனுடைய மனைவி பிள்ளைகள் படிப்புக்காகப் பாண்டிச்சேரியிலேயே இருக்கிறார்கள். இவன் மட்டும் இங்கே. இதை நான் செல்வியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கச்சிராயபாளையத்தில் மூன்று பேரிடம் வேறு வேறு சாக்கு வைத்து விசாரித்தேன்.

அவனை எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது என் தொழில்தான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மாவு பிசையும் மெஷினின் மோட்டார் எரிந்துபோய், வேனில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தான். அது சிங்கிள் ஃபேஸ் மோட்டார். அந்த வகை மோட்டாரில் இரண்டு காயில் இருக்கும். ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று கிளப்பிவிடுவதற்கு மட்டும். மோட்டார் வேகம் எடுத்ததும் கிளப்பிவிடுகிற காயில் தானாக விலகிக்கொள்ள வேண்டும். விலக்குவதற்கு உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது ஒட்டிக்கொண்டால், விலக வேண்டியது விலகாமல் கூடவே நின்று, சூடாகி, எரிந்துபோகும். மாயவனின் மோட்டாருக்கு நடந்தது அதுதான். பழைய காயிலை அறுத்தெடுத்துச் சுற்று எண்ணி, அதே கேஜ் கம்பியில் புதிதாகக் கட்டி, வார்னிஷ் போட்டுக் காயவைக்க இரண்டு நாள் ஆனது.

கடைக்குப் பின்பக்கம்தான் வீடு. முன் அறையில் செல்வி தோசை மாவு அரைத்து விற்பாள். மோட்டார் காயும்வரை காத்திருந்த மாயவன் அந்த மாவுப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப ரெடின்னு எப்பிடிங்க தெரிஞ்சிக்கிறீங்க?" என்று கேட்டான்.

"பாத்தா தெரியும்."

"மணிக்கணக்கு இல்லியா?"

"மாவுக்கு இன்னாங்க மணி தெரியும்?" என்றாள் செல்வி.

அவன் சிரிக்கவில்லை. சட்டென்று கையைக் கட்டிக்கொண்டு தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தான். பதினாறு வயதில் கரியாலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குத் தட்டு கழுவப் போனவன். இருபத்தைந்து வருடம் பிரெஞ்சு ஓட்டலில் வேலை பார்த்துச் சமையல்காரனாகி, ஊருக்கே திரும்பி வந்து கடை போட்டிருக்கிறான். எல்லாம் சரியாக வருகிறது, ரொட்டி மட்டும் உப்பவே மாட்டேன் என்கிறது. பிரெஞ்சு ரொட்டிக்குக் கடையில் விற்கிற ஈஸ்ட் போடமாட்டார்கள். கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து நாள்கணக்கில் புளிக்கவைத்து, அதில் கொஞ்சம் எடுத்துத்தான் புது மாவைப் பொங்கவைப்பார்கள். நாம் பழைய தோசை மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் விடுவதைப் போலத்தான். அந்தப் புளித்த மாவு கரியாலூரில் செத்துச் செத்துப் போகிறது என்றான்.

அது சாகவில்லை, தூங்குகிறது என்று செல்வி கண்டுபிடித்தாள். கடலோர வெயிலில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு, மலைக்குளிரில் இருபது மணி நேரம் கேட்கும். இவன் பாண்டிச்சேரிக் கடிகாரத்தை மலையில் வைத்துப் பார்த்துக்கொண்டு, பொங்காத மாவைக் கொட்டிக்கொண்டிருந்தான். செல்வி ஒருநாள் போய்ப் பாத்திரத்தை அடுப்பின் தோளில் சாக்குப்போட்டு உட்காரவைத்து, மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் மாயவன் போன் செய்தான். போனில் அவன் கத்தின சந்தோஷம் எனக்கு மூன்றடி தள்ளிக் கேட்டது.

அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக நான் அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்கழிக்கு முந்தைய சனிக்கிழமை அது. சுபஸ்ரீயை நைனார்பாளையத்தில் செல்வியின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, பைக்கில் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். ஆறரை மணிக்குக் கடை வாசலில் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சேலம், சென்னை, பெங்களூரு வண்டிகள். அருவி பார்க்க வந்தவர்கள் இருட்டியதும் நேராக இங்கே வந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டடம் முன்பு கடுக்காய் குடோன். உயரமான ஓட்டுக்கூரை, பன்னிரண்டு மேசை, மேசைமேல் பழுப்புக் காகிதம். உள்ளே கால்வைக்க இடமில்லை. வெங்காயமும் நெய்யும் வதங்குகிற வாசனை.

எங்களுக்கு ஜன்னலோரம் மேசை போட்டு வைத்திருந்தான். வெளியே பார்க்கிற ஜன்னல் இல்லை, சமையலறைச் சுவரில் இருக்கிற ஜன்னல். பரிமாறுகிற வீரமணி முப்பது வயது ஆள், தோளில் துண்டோடு ஓடிவந்து, "வாக்கா! அண்ணனா? வணக்கண்ணே!" என்று நாற்காலியை இழுத்துப்போட்டான். பாத்திரம் கழுவுகிற இருசம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "செல்வி, இன்னிக்குப் பொடவயா? அம்சமா கீது!" என்றாள்.

அந்தப் புடவையை எனக்காகக் கட்டினாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புது இடத்துக்குப் போனால் அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடிக்காமல் உட்கார முடியாது. கண்டுபிடித்ததும் செல்விக்குச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான பதினான்கு வருடமாக அப்படித்தான். ரயில்வே கேட், கரும்பு ஆலை, ஏடிஎம் மெஷின் என்று எதைப் பார்த்தாலும் நான் விளக்குவேன், அவள் கேட்டுக்கொள்வாள். அன்றைக்கும் வெங்காய சூப் வருவதற்குள் பாதி கண்டுபிடித்துவிட்டேன்.

"இங்க பாரு செல்வி. பிஸ்ட்ரோன்னா பெரிய ஓட்டல் இல்ல. சின்ன கடை, கொஞ்சமே கொஞ்சம் ஐட்டம். அதான் போர்டுல சாக்பீஸ்ல ஆறே எழுதிக்கீறான். ஆறுதான்னா எல்லாத்தையும் காலையிலயே முக்கால்வாசி செஞ்சி வெச்சிடலாம். ஆள் வந்ததும் கடைசி கால்வாசிதான் வேல. அதான் இவ்ளோ ஸ்பீடு."

"உம்," என்றாள் செல்வி.

"அந்த சீட்டு பாத்தியா? வீரமணி எழுதி ஜன்னல்ல குத்தறான். சூப் போயிடுச்சின்னா சீட்டு வலது பக்கம் நவுருது. அப்ப உள்ள இருக்கறவனுக்கு அடுத்தது இன்னான்னு கேக்காமயே தெரியும். மணி அடிச்சா தட்டு ரெடி. வாயால யாரும் பேசவேண்டியதே இல்ல."

"ஆமாங்க."

"ஆனா கத்திக்கினுதான் கீறாங்க. அது ஏன்னுதான் தெரியல."

அது ஏன் என்று எனக்கு அடுத்த நிமிடமே தெரிந்தது. மாயவன் சீட்டைப் படித்து உரக்கச் சொல்வான். சொல்லி முடித்ததும் உள்ளே இருக்கிற எல்லோரும் ஒரே குரலில் "வீ!" என்பார்கள். பிரெஞ்சில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். காதில் விழுந்தது, செய்கிறேன் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் அவன் மறுபடி சொல்வான். கரண்டி சத்தத்திலும் தீயின் இரைச்சலிலும் சீட்டை மட்டும் நம்ப முடியாது.

"நாலாம் டேபிள், ரொட்டி ரெண்டு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வீ," என்றாள் செல்வி.

சத்தமாக இல்லை. சூப் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டே, தன்னையறியாமல். சொன்னது அவளுக்கே தெரியவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்தேன். கடையில் உட்கார்ந்து நான் தண்ணீர் கேட்டால் மூன்றாவது தடவைதான் அவளிடமிருந்து பதில் வரும். அதுவும் "இருங்க" என்று வரும்.

பிறகு மாயவனே வந்தான். ஒல்லியான ஆள், காதோரம் நரை, கைமுட்டி வரை மாவு.

"வாங்கண்ணே. எத்தினி நாளா கூப்புடறேன்! உங்க மோட்டாரு இன்னும் கல்லு மாதிரி கீதுண்ணே," என்றான் என்னிடம். பிறகு ரொட்டிக்கூடையை மேசைமேல் வைத்துவிட்டு, "செல்வி, இன்னிக்கு எப்பிடி?" என்றான்.

வீரமணிக்கு அக்கா. இருசம்மாள் பொம்பளை, அது வேறு. அவனுக்கு மட்டும் செல்வி, எனக்கு இருப்பதைப் போல.

செல்வி ரொட்டியை எடுத்துக் காதோரம் வைத்து இலேசாக அழுத்தினாள். மேல்தோல் நொறுங்கும் சத்தம் கேட்டது. பிட்டு உள்ளே பார்த்தாள்.

"உப்பு கம்மி. யாரு போட்டது?"

"நான்தான்."

"நேத்து மாதிரி?"

"இல்ல, முந்தாநாள் மாதிரி."

"அதான்," என்றாள் அவள். அவன் தலையாட்டிக்கொண்டு போய்விட்டான்.

முந்தாநாள் என்ன நடந்தது, நேற்று எப்படி, எது அதான், எதுவும் எனக்குப் புரியவில்லை. பதினான்கு வருடத்தில் என் சமையலில் உப்பு குறைவு என்று அவளும், அவள் சமையலில் உப்பு குறைவு என்று நானும் எத்தனையோ சொல்லியிருக்கிறோம். அதெல்லாம் சண்டையில் போய்தான் முடியும். இவன் குற்றத்தைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போகிறான்.

"அந்த ரொட்டி இன்னா அவ்ளோ பெரிய விஷயமா?" என்றேன்.

"சாப்புட்டுப் பாருங்க."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. மேலே மொறுமொறுவென்று, உள்ளே ஈரமாக, கடைசியில் நாக்கில் ஒரு சின்னப் புளிப்பு நின்றது. "தோச மாதிரிதான் கீது," என்றேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. எனக்கு அதில் ஒரு திருப்தி.

கோழி வந்தது. நாட்டுக்கோழியைக் காளானோடும் சின்ன வெங்காயத்தோடும் மூன்று மணி நேரம் மூடிவைத்து வேகவைத்தது, கூடவே மரவள்ளிக்கிழங்கு வறுவல். செல்விக்கு முள்கரண்டி பிடிக்கிற விதத்தை விளக்கினேன். விரலை எங்கே வைத்தால் அழுத்தம் குறைவாகப் போதும், கத்தியை ரம்பம் மாதிரி இழுத்தால் ஏன் நார் அறுபடுகிறது என்றெல்லாம். அவள் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டு என்னைவிட வேகமாக வெட்டிச் சாப்பிட்டாள். நான் தொடைத் துண்டைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்தேன். சின்ன வயதிலிருந்தே நல்ல துண்டைக் கடைசியில்தான் சாப்பிடுவேன்.

அப்போது ஜன்னலிலிருந்து, "செல்வி, ஒரு நிமிசம்!" என்று மாயவன் கூப்பிட்டான். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். என்னைப் பார்த்து, "தோ வந்துட்டேங்க" என்றாள். போகிற வேகத்தில் சொன்னாள்.

நான் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். உள்ளே அடுப்பு வாயின் முன்னால் இருவரும் குனிந்து நின்றார்கள். தீவெளிச்சம் இரண்டு முகத்திலும். அவள் ஏதோ கையால் காட்டிச் சொல்ல, அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் விளக்குகிறாள். யாருக்கும் எதையும் அவள் அப்படி விளக்கி நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் அவள் கேட்பதைத்தான்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. திரும்பினால் என் தட்டைக் காணோம். என் முன்னால் பழுப்புக் காகிதம் மட்டும் இருந்தது. தூரத்தில் வீரமணி என் தட்டை நான்கு தட்டுக்கு மேலே அடுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். தொடைத் துண்டு அதன்மேல் அப்படியே இருந்தது.

நான் எழுந்து போனேன். ஜன்னல்மேல் இரண்டு கையையும் ஊன்றினேன்.

"இன்னாய்யா இது? சாப்புட்டுக்கினு இருக்கறவன் முன்னாடிலேந்து தட்ட எடுக்கச் சொல்றியா?"

மாயவன் திரும்பினான். "அண்ணே?"

"என் பொண்டாட்டிய உள்ள கூப்புட்டுக்கினு, என் தட்டையும் எடுத்துட்டா நான் எழுந்து வூட்டுக்குப் போயிடுவேன்னு பாத்தியா? உன் எண்ணம் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கினு இருக்கற? ஒன்றர வருசமா பாத்துக்கினுதான்யா இருக்கறேன்!"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. எனக்குப் பின்னாலும் பேச்சு நின்றது. அடுப்பில் கட்டை வெடிக்கிற ஒலி மட்டும் கேட்டது. செல்வியின் கையில் மாவு தோய்ந்த பலகை இருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

மாயவன் கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவன் வீரமணியைக் கூப்பிட்டு, "அண்ணன் கத்தி எப்பிடி வெச்சிருந்தாரு?" என்று கேட்டான்.

வீரமணி அந்தத் தட்டை அப்படியே கொண்டுவந்து காட்டினான். கத்தியும் முள்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில், கோடு போட்ட மாதிரி நேராகக் கிடந்தன.

"அண்ணே, அப்பிடி சேத்து வெச்சா சாப்புட்டு முடிச்சாச்சின்னு அர்த்தம். இன்னும் சாப்புடறோம்னா ரெண்டையும் விரிச்சி, கூரை மாதிரி வெக்கணும். இவங்களுக்கு அதான் சொல்லிக் குடுத்துக்கீறேன். கூட்டத்துல வந்து கேட்டுக்கினு நிக்க முடியாது பாருங்க. தட்ட பாத்துட்டு எடுத்துடுவாங்க. தப்பு எங்க மேலதாண்ணே, உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

என் கடை மேசையில் வேலை பாதியில் இருந்தால்தான் கொறடாவையும் ஸ்க்ரூ டிரைவரையும் அப்படி ஒன்றோடொன்று சேர்த்து நேராக வைப்பேன். திரும்ப வரும்போது கை தேடாமல் எடுக்கலாம். வேலை முடிந்துவிட்டால் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். இங்கே அது தலைகீழ். நல்ல ஏற்பாடு. வாய் பேசாமல் தட்டே பேசுகிறது. வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அதைக் கேட்டு ரசித்துச் செல்விக்குத் திரும்பச் சொல்லியிருப்பேன். அந்த இடத்தில், நாற்பது பேர் பார்க்க, அவன் வாயால் அது எனக்கு விளக்கப்பட்டது.

இன்னொன்றும் உறைத்தது. செல்விக்கு இது தெரியும்.

"உனக்குத் தெரியுமில்ல? ஏன்டீ சொல்லல?" என்றேன்.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"எப்பங்க சொல்றது? வந்து உக்காந்ததுலேந்து நீங்கதான் எனக்கு சொல்லிக்கினு கீறீங்க. இந்த ஜன்னல பத்தி, சீட்ட பத்தி, கத்திய பத்தி. அந்த சீட்ட வலது பக்கமா நவுத்துங்கன்னு இவங்களுக்கு சொன்னதே நான்தான். தெரியுமா உங்களுக்கு?"

இருசம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

செல்வியின் குரல் உயரவில்லை. "இன்னிக்கு நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா நான் கேட்டுக்கினு இருந்திருப்பேன். மனசு கஷ்டமா இருந்திருக்கும், ஆனா கேட்டுக்கினு இருந்திருப்பேன். நீங்க இத்தினி பேரு முன்னாடி இன்னா சொன்னீங்க? எண்ணம்னீங்க. இப்ப நான் வரலன்னா நீங்க சொன்னது நெசம்னு ஆயிடும்." அவள் மாயவன் பக்கம் திரும்பினாள். "தை ஒண்ணாந்தேதிலேந்து நான் வரேன்."

யாரும் "வீ" சொல்லவில்லை. மாயவன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் பதினோரு சீட்டு சேர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட சமையலறையில் ஓர் ஆள் நின்றால் அவனுக்குப் பின்னால் இருக்கிற எல்லாமும் நிற்கும். சூப் போகாமல் கோழி போகாது, கோழி போகாமல் மேசை காலியாகாது, மேசை காலியாகாமல் வாசலில் நிற்பவர்கள் உள்ளே வரமுடியாது.

"அண்ணே, உக்காருங்க. வேற தட்டு வருது," என்றான். உடனே சீட்டுகளின் பக்கம் போனான். செல்வி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

நான் மேசைக்குத் திரும்பினேன். என்மேல் படாத பார்வை அந்தக் கூடத்தில் ஒன்றும் இல்லை. எழுந்து போயிருக்கலாம். பைக் சாவி என் பையில்தான் இருந்தது. ஆனால் போனால் இவளை விட்டுவிட்டுப் போவதாகும். அதுவும் இவனிடம். வீரமணி புதுத் தட்டில் தொடைத் துண்டாகவே இரண்டு வைத்துக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போனான். தின்றேன். ருசி தெரிந்தது என்பதுதான் கொடுமை.

அரைமணி நேரத்துக்குமேல் அப்படி உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது? அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்களா என்பதைத்தான் முதலில் தேடினேன். பார்க்கவில்லை. அவன் சட்டியைப் பார்த்தான், அவள் அடுப்பைப் பார்த்தாள். அவள் பின்னால் கையை நீட்டினால் இருசம்மாள் பலகையை அதில் வைத்தாள். அவன் "ஆறு!" என்றால் அவள் "வீ!" என்று ஆறு ரொட்டியை ஜன்னலில் தள்ளினாள். ஒரு தடவை அவன் தவறான சீட்டை எடுத்துவிட்டான். அவள் திரும்பாமலேயே, "அது ஒம்போதாம் டேபிளு, ஷெஃப்," என்றாள். அவன் மாற்றிக்கொண்டான்.

பொறாமை குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை, வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் ஒருத்தன்மேல் இருந்தவரை அது சின்னதாக இருந்தது. இப்போது இருசம்மாள்மேல், அந்தப் பலகைமேல், சீட்டுக் குத்துகிற ஆணிமேல். அந்த அறையில் இருந்த எல்லாவற்றுக்கும் அவள் எதற்கு என்று தெரிந்திருந்தது.

சேலத்துக்காரர் குடும்பம் பக்கத்து மேசையில் ரொட்டி இன்னொரு கூடை கேட்டது. "இத யாருங்க செய்றாங்க?" என்று அந்த அம்மா வீரமணியைக் கேட்டாள். வீரமணி ஒரு கணம் என் பக்கம் பார்த்தான். பிறகு, "எங்க அக்காங்க," என்றான்.

எட்டு மணி வாக்கில் கூட்டம் இளகிற்று. செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் தட்டில் பாதிக் கோழி ஆறிப்போய்க் கிடந்தது. கத்தியைத் தொடாமல் கையாலேயே பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். புருவத்தில் மாவு இருந்தது.

நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நான் பேசுனது தப்புதான்," என்றேன்.

"தப்புதான்."

"அவன் எங்க படுப்பான்?"

அவள் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அவுரு வூடு மேல, கோயிலாண்ட. அவுரு தம்பி குடும்பத்தோட. நானும் இருசம்மாளும் அடுப்பு ரூமுல படுப்போம். தாப்பாளு உள்பக்கம். இன்னும் இன்னா கேக்கணும்?"

"அடுப்பு எத்தினி மணிக்குப் பத்த வெப்பீங்க?"

இதை எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய்க்கு வந்தது. அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"மத்தியானம் மூணு மணிக்கு. விறகு உள்ளவே எரியணும். ரெண்டு மணி நேரம் எரிஞ்சா செங்கல்லு சூட்ட குடிச்சிக்கும். அப்பறம் தீய வெளிய இழுத்துடணும், ஈர சாக்கால தரைய தொடைக்கணும். தீ இல்லாம, கல்லு குடிச்ச சூட்டுலயே வேவும் ரொட்டி. சரியான சூடு வந்துச்சான்னு பாக்க ஒரு புடி மாவ உள்ள வீசணும். ஒடனே கருகுனா ஜாஸ்தி. பத்து எண்றதுக்குள்ள செவந்தா சரி. மாயவன் ஷெஃபு ஏழே எண்ணுவாரு, நான்தான் பத்துன்னு சொன்னேன். மாயவன் ஷெஃபு சொல்றாரு, பாண்டிச்சேரில..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். உஷ்ணத்தை அளக்க மீட்டர் கிடைக்கிறது என்று இரண்டு தடவை குறுக்கே பேச வாயெடுத்தேன். இரண்டு தடவையும் விழுங்கினேன். அவள் கை காற்றில் அடுப்பின் வாயை வரைந்து காட்டியது. நான் கேட்டேன், புரிந்தது. ஆனால் மாயவன் பெயர் ஐந்து முறை வந்ததையும் எண்ணிக்கொண்டுதான் கேட்டேன்.

முடித்ததும் அவள் தண்ணீரைக் குடித்தாள்.

"தை மாசத்துலேந்து வெள்ளிக்கெழம நானே கொண்டாந்து வுடறேன்," என்றேன்.

"பஸ்ஸு இருக்குதுங்க."

"இருக்கட்டும்."

"எதுக்கு? காவலுக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாலை மோசம், பனி, யானை இல்லாவிட்டாலும் கரடி என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு நம்பிக்கை வந்திருக்காது.

"ஆமா," என்றேன்.

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டோரம் அசைந்தது. அது சிரிப்புத்தானா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

"வாங்க," என்றாள். "ஆனா வந்துட்டு இந்த ஜன்னலாண்ட நின்னுக்கினு மொறச்சிக்கினு இருக்கக் கூடாது. பின்னாடி விறகு ஒரு லோடு கீது. ஒடைக்க ஆள் இல்ல."